கிணற்றுக்குப் பத்தடி முன்னால்

கோவில்பட்டியில் ஒரு தீப்பெட்டி ஆபீசில் எனக்குச் செக்கிங் வேலை. வீடுகளில் பெண்கள் ஒட்டிக் கொண்டுவரும் பெட்டிக்கட்டுகளைப் பார்த்து உள்ளே விடவேண்டும். கட்டின் மேலே இருக்கும் பெட்டியை நான் தொடவே மாட்டேன். மேலே எப்போதும் நல்லதைத்தான் வைத்திருப்பார்கள். நடுவில் கைவிட்டு ஒன்றை உருவுவேன். பசை விட்டிருந்தால் முழுக் கட்டையும் அங்கேயே திருப்பிக் கொடுத்துவிடுவேன். பத்துப் பதினைந்து வருஷம் இப்படிப் பார்த்துப் பார்த்து, எதையும் நடுவில் உருவிப் பார்க்காமல் நம்ப முடியாது என்ற நிலைக்கு வந்துவிட்டேன். அதை ஒரு திறமை என்றுதான் அப்போது நினைத்துக்கொண்டிருந்தேன்.

எட்டயபுரம் ரோட்டில், ஊரைத் தாண்டி, எங்களுக்கு முப்பது சென்ட் கரிசல் இருந்தது. அதில் என் மனைவி காய்கறி போட்டாள். கத்தரி, வெண்டை, சீனியவரை, கொஞ்சம் முள்ளங்கி. ரோட்டிலிருந்து உள்ளே போனால் வரிசையாகப் பாத்திகள். பாத்திகள் முடிகிற இடத்தில் கிணறு. அது பங்குக் கிணறு. பாதி எங்களுக்கு, மறுபாதி கிணற்றுக்கு அந்தப்பக்கம் நிலம் வைத்திருந்தவருக்கு. விடிகிற நேரத்தில் அவள் காயைப் பறித்து, கிணற்றுத் தொட்டியில் கழுவி, கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு பாத்திகளுக்கு நடுவே நடந்து ரோட்டுக்கு வருவாள். முதல் பஸ்ஸில் ஏறி மார்க்கெட்டுக்குப் போவாள். நான் ஆபீசுக்குக் கிளம்புகிற நேரத்தில் காலிக் கூடையோடு திரும்பி வந்துவிடுவாள்.

கரிசலில் நடந்து பழகாதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். வெயிலில் அது கால் உள்ளே போகிற அளவுக்கு வெடித்துக் கிடக்கும். ஒரு மழை விழுந்தால் போதும், ஆளைப் பிடித்துக்கொள்ளும். பத்து எட்டு வைப்பதற்குள் ஒவ்வொரு காலிலும் ஒரு படி மண் ஏறிவிடும். ஒட்டுகிற மண் வழுக்காது என்று நினைக்கக் கூடாது, அது இரண்டையும் செய்யும்.

தொண்ணூறுகளின் கடைசியில் ஒரு ஐப்பசியில் அவள் கூடையோடு விழுந்தாள். வலது மணிக்கட்டு உடைந்தது. மாவுக்கட்டைப் பிரித்தபோது கை லேசாகக் கோணிக்கொண்டு இருந்தது. "இன்னொரு தடவை இதே கையில விழுந்தீங்கன்னா, கூடை தூக்குற நினைப்பையே விட்டுடணும்" என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவள் முகம் செத்துப்போயிற்று. தீப்பெட்டிக்குப் பெட்டி ஒட்டமாட்டேன் என்று கல்யாணமான புதிதிலேயே சொன்னவள் அவள். அந்தத் தோட்டம்தான் அவளுக்கு எல்லாம். வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது சொன்னாள்.

"அடுத்த மழைக்குள்ள நடக்கதுக்கு ஒரு பாதை மட்டும் போட்டுக் குடுங்க. வேற ஒண்ணும் கேக்கல."

"அதுக்கென்ன, ஒரு வாரத்துல போட்டுருவோம்" என்றேன். சொன்னது தை மாசம்.

முதலில் எங்கள் ஆபீஸ் முதலாளியே கூப்பிட்டார். கழிவுக் குச்சி குவிந்து கிடக்கிறது, பாதைக்குப் போட்டால் பஞ்சு மாதிரி இருக்கும், அள்ளிக்கொண்டு போங்கள் என்றார். அடுப்பெரிக்க ஆட்கள் காத்துக் கிடக்கிற சாமானை எனக்கு ஏன் சும்மா கொடுக்க வேண்டும்? ஞாயிற்றுக்கிழமையும் வேலைக்கு வரச்சொல்ல அடிபோடுகிறார் என்று பட்டது. வேண்டாம் என்றேன். அப்புறம் கடலைமிட்டாய் போடுகிற ஒருவர் கடலைத்தோடு தருவதாகச் சொன்னார். மூடையின் நடுவில் கைவிட்டுப் பார்த்தேன், உள்ளே பருப்புச் சொத்தை கலந்து கிடந்தது. பருப்பு இருந்தால் எலி வரும், எலி வந்தால் பின்னாலேயே பாம்பு வரும். குப்பை அள்ளுகிற வேலையை என் தலையில் கட்டப் பார்க்கிறார் என்று புரிந்துகொண்டேன்.

ஒரு டிராக்டர்காரர் செம்மண் கொண்டுவந்தார். மேலே பார்க்க நல்ல மண். நடுவில் தோண்டினேன், கோரைக்கிழங்கு. அதைப் பாதையில் போட்டிருந்தால் ஒரே வருஷத்தில் பாத்தி முழுக்கக் கோரையாகியிருக்கும். அன்றைக்கு எனக்கு இருந்த பெருமை கொஞ்சநஞ்சமில்லை. வண்டியை அப்படியே திருப்பி அனுப்பிவிட்டு, "பாத்தியா, நம்பியிருந்தா என்ன ஆயிருக்கும்" என்று அவளிடம் நாலு தடவை சொன்னேன். அவள் மேற்கே வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்போது ஆடி பிறந்துவிட்டது.

கடப்பாக்கல் துண்டு பதிக்கலாம் என்று கொத்தனாரைக் கூட்டிவந்தேன். கரிசல் கல்லைத் தூக்கிவிடும், ஒரு மழையில் ஒவ்வொரு கல்லும் ஒவ்வொரு பக்கம் சாயும், உடைசெங்கல்தான் சரி என்றார். சரியாகத்தான் சொன்னார். ஆனால் அவர் மச்சினனுக்குச் செங்கல் சூளை இருக்கிறதென்று எனக்குத் தெரியும். அதனால் இரண்டு மாசம் செங்கலும் வாங்கவில்லை.

இந்த நேரத்தில்தான் கிணற்றுக்கு அந்தப்பக்கத்துக்காரர் வந்தார். மாட்டுக்கொட்டகைக்குத் தளம் போட ஓடை வழியாக ஒரு லோடு சரள் கல் அடித்திருந்தார். பாதி மிஞ்சி, அவர் வரப்போரம் குவியலாகக் கிடந்தது.

"அண்ணாச்சி, சரள் சும்மாதான் கெடக்கு. அள்ளிப் பாதைக்குப் போட்டுக்கிடுங்க. கரிசலுக்கு அதுதான் தாங்கும்."

"பாக்கலாம்" என்றேன்.

பார்க்கத்தான் செய்தேன். குவியலின் நடுவிலிருந்து ஒரு டிபன் டப்பா நிறைய எடுத்து வந்து, வாளித் தண்ணீரில் இரண்டு நாள் ஊறப்போட்டேன். கரையவில்லை, மண் விடவில்லை. விரலால் நசுக்கினேன், நசுங்கவில்லை. குற்றம் சொல்ல ஒரு கல்கூட இல்லை. அதுதான் எனக்குப் பெரிய சந்தேகத்தைக் கிளப்பியது. இவ்வளவு நல்ல சரக்கை ஒருவர் சும்மா கொடுப்பாரா?

யோசிக்க யோசிக்க வெளிச்சமாகிவிட்டது. அவர் நிலத்துக்கு ரோடு கிடையாது. ஓடையைச் சுற்றித்தான் வரவேண்டும். ரோட்டிலிருந்து கிணறுவரைக்கும் நான் ஒரு கெட்டிப்பாதை போட்டால், கிணற்றைத் தாண்டினால் அவர் வரப்பு. இன்றைக்குச் சரள் கொடுப்பார், நாளைக்குச் சைக்கிளில் வருவார், பிறகு மாட்டுவண்டி வரும். ஒருநாள் இந்த வழியில் எனக்கும் உரிமை உண்டு, நடைபாத்தியம் என்று நிற்பார். எங்கள் பக்கத்தில் இதற்காகப் பங்காளிகள் கோர்ட்டில் கிடந்து கிழவர்களானதைப் பார்த்திருக்கிறேன். பத்திரம் எழுதுகிறவரிடம் போய்க் கேட்டேன். வழி தொடர்ச்சியாக இருக்கக் கூடாது, அடிக்கடி முள் வைத்து அடைத்துக்கொண்டே இருக்க வேண்டும், அப்படி இருந்தால் யாரும் பாத்தியம் பேச முடியாது என்றார்.

புரட்டாசி முடிவில் அடித்துப்பிடித்துக் கொத்தனாரின் மச்சினனிடமே உடைசெங்கல் வாங்கினேன். ரோட்டிலிருந்து பாத்திகளுக்கு நடுவே அழகாகப் போட்டு இடித்துக் கெட்டித்தேன். கிணற்றுக்குப் பத்தடி முன்னால் நிறுத்திவிட்டேன். பாதை முடிகிற இடத்தில் ஒரு கருவேல முள்ளை இழுத்துப் போட்டேன். தினமும் சாயங்காலம் வந்து பார்த்து, முள் விலகிக் கிடந்தால் திரும்ப இழுத்து அடைத்துவிட்டுப் போவேன்.

"இன்னும் பத்தடி இருக்கே" என்றாள்.

"செங்கல் தீந்துபோச்சு. தை மாசம் பாத்துக்கிடுவோம்."

செங்கல் தீரவில்லை. ஒரு வண்டி மிச்சத்தை வீட்டுக்குப் பின்னால் தார்ப்பாய் போட்டு மூடி வைத்திருந்தேன். அவள் தார்ப்பாயைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், உள்ளே போய்விட்டாள்.

ஐப்பசி மழை அந்த வருஷம் நன்றாகப் பிடித்தது. ஒரு வாரம் தோட்டத்துப் பக்கம் என்னால் போக முடியவில்லை, மழை கொஞ்சம் விட்டதும் போய்ப் பார்த்தேன். கிணற்றுப் பக்கமிருந்து என் பாதையை நோக்கி, மூன்று நான்கு அடிக்குச் சரள் பரவிக் கிடந்தது. எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. நினைத்தது சரியாகப் போயிற்று. முள்ளும் வழக்கத்தைவிடத் தள்ளிக் கிடந்தது. சேற்றில் காலடிகள் குழம்பிக் கிடந்தன. அதன் ஓரத்தில் ஒரு கைத்தடம் நன்றாகப் பதிந்திருந்தது, இடது கை. குனிந்து சரளைப் பரப்பும்போது அவர் ஊன்றியிருக்கிறார் என்று முடிவு கட்டினேன். பையிலிருந்து ஒரு தீக்குச்சியை எடுத்து, சரள் முடிகிற இடத்தில் அடையாளமாக நட்டு வைத்தேன்.

மறுநாள் சாயங்காலம் பார்த்தால் குச்சி சரளுக்குள் மூழ்கியிருந்தது. ஒரு முழம் முன்னேறியிருந்தார்.

"அவன் வேலையைப் பாத்தியா? நாம தூங்குத நேரத்துல பாதை போடுதான்" என்று வீட்டில் வந்து குதித்தேன்.

அவள் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தவள் தலை நிமிரவில்லை. "மழையில உருண்டு வந்துருக்கும்" என்றாள்.

"கல்லு மேட்டைப் பாத்து உருளுமோ?"

அவள் ரசத்தை எடுத்து ஊற்றிக்கொண்டாள். இவளுக்கு மனுஷரைத் தெரியவில்லை என்று நினைத்துக்கொண்டேன். ஆபீசில் லோடு ஏற்றுகிறார்கள், விடிகாலையில் போகவேண்டும் என்று சொல்லிவிட்டு, மறுநாள் அவளுக்கு முன்னாலேயே சைக்கிளை எடுத்துக் கிளம்பினேன். நேரே தோட்டத்துக்குப் போய்க் கிணற்றடி மோட்டார் ரூமுக்குப் பின்னால் உட்கார்ந்தேன். தூறல் விழுந்துகொண்டிருந்தது. கையும் களவுமாகப் பிடித்ததும் என்ன கேட்க வேண்டும் என்று வரிசையாக மனசுக்குள் வைத்திருந்தேன்.

கிழக்கு வெளுக்கிற நேரம் சரள் அள்ளுகிற சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தேன். வரப்போரக் குவியலில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து இரும்புச் சட்டியில் அள்ளிக்கொண்டிருந்தது என் மனைவி. சட்டியை இடது இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டாள். கோணிய கையை வயிற்றோடு சேர்த்துப் பிடித்திருந்தாள். ஒவ்வொரு எட்டாக வைத்து வந்து, சரளைக் கொட்டி, காலாலேயே பரப்பினாள். பிறகு திரும்பவும் குவியலுக்குப் போனாள்.

நான் எழுந்து வெளியே வந்தேன். அவள் பதறவில்லை. சட்டியைக் கீழே வைத்துவிட்டு நின்றாள்.

"லோடு ஏத்தலையா?" என்று கேட்டாள்.

கேட்க வேண்டும் என்று வரிசையாக வைத்திருந்ததில் ஒன்றுகூட வாயில் வரவில்லை. "நீ எதுக்கு இந்தக் கையோட" என்று ஏதோ உளறினேன்.

"ஒரு நாளைக்கு ரெண்டு சட்டி. அவ்வளவுதான் முடியுது."

"அவன் என்ன கேட்டான்?"

"நீங்க கேக்க மொத கேள்வியே இதுதான்." அவளுக்குக் குரல் உயரவே இல்லை. "அவிய ஒண்ணும் கேக்கல. ஓடைப் பக்கம் நிலத்தை வாங்கி வண்டிப்பாதைக்குப் பத்திரம் முடிச்சு வருசம் ரெண்டாச்சு. அந்த வழியாத்தான் சரள் லோடே வந்துச்சு. ஒங்ககிட்டப் பேசச் சொன்னதும் நான்தான். நான் கேட்டேன்னு சொல்லிராதீங்க, சொன்னா அதுலயும் என்னமோ இருக்குன்னு எங்க வீட்டுக்காரவ நெனைப்பாவன்னு சொன்னேன். அவியளும் ஒரு வார்த்தை சொன்னாவ. அந்த முள்ள மட்டும் அண்ணாச்சியை எடுக்கச் சொல்லுங்கம்மா, கை முடியாம நீங்க இழுக்காதீங்கன்னாவ."

முள். தினமும் சாயங்காலம் நான் போட்டுவிட்டுப் போன முள்ளைத் தினமும் காலையில் அந்தக் கையால் இழுத்துப் போட்டுவிட்டுத்தான் கிணற்றுக்குப் போயிருக்கிறாள். என் புத்தி ஓடைப்பக்கம் வரைக்கும் போயிற்று, பத்திரம் எழுதுகிறவர் வீடு வரைக்கும் போயிற்று. இந்தப் பத்தடியில் யார் நடக்கிறார்கள் என்று யோசிக்க அதற்கு நேரம் கிடைக்கவில்லை.

"எங்கிட்டச் சொல்லியிருக்கலாம்லா" என்றேன்.

"சொன்னா அவிய ஏன் குடுக்காவன்னு கேப்பீங்க. நான் எங்கன விழுந்தேன்னு கேக்க மாட்டீங்க."

"விழுந்தியா?"

"இந்த மழையில ரெண்டு தடவை." காலுக்குக் கீழே சேற்றைக் காட்டினாள். நான் பார்த்து வைத்திருந்த அதே கைத்தடம் மழையில் பாதி கரைந்து கிடந்தது. "இப்ப எடது பக்கமா விழப் பழகிக்கிட்டேன். கூடை போனாப் போகுதுன்னு விட்டுருவேன். வலது கை தரையில படாது."

அதைச் சாதாரணமாகத்தான் சொன்னாள், ஒரு வேலையைக் கற்றுக்கொண்டதைச் சொல்வதுபோல. எத்தனை கட்டுகளில் எத்தனை பெட்டிகளை உருவிப் பார்த்தவன் நான். அந்தக் கைத்தடம் எவ்வளவு சின்னது என்று பார்க்கவில்லையே. எனக்கு வெட்கமாக இருந்தது. அழுகையும் வந்தது. மழை பெய்துகொண்டிருந்ததால் முகத்தைத் துடைக்காமலே நின்றேன்.

அன்று அவள் முதல் பஸ்ஸை விட்டுவிட்டாள். நான் ஆபீசுக்குப் போகவில்லை. முள்ளைத் தூக்கி வேலிக்கு வெளியே எறிந்தேன். மிச்சமிருந்த அடிகளுக்குச் சரளை நானே அள்ளிப் போட்டேன். நடுவில் கிணற்றுக்கு அந்தப்பக்கத்துக்காரர் வந்து, என்னைப் பார்த்தும் ஒன்றும் கேட்காமல், பெரிய சட்டி ஒன்றை வரப்பில் வைத்துவிட்டுப் போனார். எதற்காக வைத்தார் என்று ஒரு நிமிஷம் யோசனை ஓடத்தான் செய்தது. பிறகு எடுத்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகு எத்தனையோ மழை பெய்துவிட்டது. அவர் எங்கள் பாதையில் ஒருநாளும் நடக்கவில்லை. நானும் கவனித்துக்கொண்டுதான் இருந்தேன், அதை மறைப்பானேன். மழை பெய்த மறுநாள் இப்போதும் தோட்டத்துக்குப் போய்ப் பாதையின் இரண்டு ஓரத்தையும் குனிந்து பார்க்கிறேன். பாதையில் யார் வந்தது, யார் போனது என்பதற்காக இல்லை. சேற்றில் எங்காவது ஒரு இடது கை பதிந்திருக்கிறதா என்று தேடுகிறேன்.