பசளைக் கடையில் வளர்ந்த எதிர்ப்புச் சக்தி

அந்த வருடம் வயலுக்குப் போடும் இரசாயனப் பசளைக்கு அரசாங்கத் தடை வந்திருந்தது. எங்கள் சந்தியில் இருந்த பசளைக் கடையில் விற்பதற்கு ஒன்றும் இல்லை. முதலாளிக்குப் பேசுவதற்கு மட்டும் நிறைய இருந்தது. என் கணவர் பின்னேரங்களில் அங்கே போய் மர வாங்கில் உட்கார்ந்து கேட்டுவிட்டு வருவார்.

கொரோனாக் கிருமி எங்கிருந்து வந்தது என்பதுதான் பேச்சு. வௌவாலில் இருந்து என்று ஒரு நாள், ஆய்வுகூடத்தில் இருந்து என்று மறுநாள். எனக்கும் அதை அறிய ஆசைதான். உலகத்தையே வீட்டுக்குள் பூட்டி வைத்த ஒன்று எங்கே பிறந்தது என்று கேட்பதில் என்ன பிழை? ஆனால் அந்தக் கடையில் கேள்வி மெல்ல மெல்ல வேறு பக்கம் திரும்பியது. கிருமியைச் செய்தவனே தடுப்பூசியையும் விற்கிறான், ஆகவே ஊசி வேண்டாம் என்றார் முதலாளி.

வருடத் தொடக்கத்தில் என் கணவருக்கு அந்தக் கொரோனா வருத்தம் வந்து, நாலு நாள் காய்ச்சலோடு போயிருந்தது. அது முதலாளிக்கு வசதியாகப் போய்விட்டது.

“உங்களுக்கு ஒருக்கா வந்திட்டுப் போட்டுது. இனி உடம்பே பாத்துக்கொள்ளும். முகாமில கலங்கல் தண்ணி குடிச்சுத் தப்பின ஆக்களுக்கு இதெல்லாம் ஒரு வருத்தமே?”

இதை என் கணவர் வீட்டில் வந்து பெருமையாகச் சொன்னார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. யுத்தம் முடிந்து அகதி முகாமில் இருந்தபோது குடித்த தண்ணீரால் எங்கள் பிள்ளைகளுக்கு வந்தது வயிற்றோட்டம். அதையும் ஒரு பலம் என்று சொல்ல எப்படி வாய் வருகிறது?

ஊசி போடும் நாளை அறிவிக்க வந்த எங்கள் பகுதி மருத்துவமாது, மிட்வைவ் பிள்ளை, பொறுமையாக விளங்கப்படுத்தினாள்.

“ஒருக்கா வந்தவைக்கு எதிர்ப்புச் சக்தி இருக்கும்தான், அண்ணை. ஆனால் நாளாக நாளாகக் குறையும். உங்களுக்கு நீரிழிவும் இருக்கு. சீனி வருத்தக்காரருக்கு இது கூட ஆபத்து. ஊசியையும் போடுங்கோ.”

“யோசிப்பம்” என்றார் என் கணவர். ஊசி போட்ட பள்ளிக்கூடத்துக்கு நான் தனியாகத்தான் போனேன்.

ஆவணியில் மறுபடியும் காய்ச்சல். ஐந்தாம் நாள் கட்டிலில் இருந்து குசினி வாசல் வரைக்கும் வர அவருக்கு மூச்சு வாங்கியது. அம்புலன்சில் வவுனியா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். பதினேழு நாள். என்னை உள்ளே விடவில்லை. ஒருநாள் தொலைபேசியில் எடுத்து, “பிள்ளையளைப் பாத்துக்கொள்ளும்” என்றார்.

“கதைக்காதேங்கோப்பா, மூச்சை எடுங்கோ” என்று கத்தினேன்.

திரும்பி வந்தவரைப் பார்க்க முதலாளி பிஸ்கட் பெட்டியோடு வந்தார். விறாந்தைக் கதிரையில் இருந்ததும் இருக்காததுமாக, “இப்ப எல்லாம் வெளியில வருது. ஆய்வுகூடம்தான்” என்று தொடங்கினார்.

“அண்ணை, நீங்கள் ஊசி போட்டனீங்களோ?” என்று கேட்டேன்.

“அது... ஓம் தங்கச்சி. ரெண்டும் போட்டனான். வெளிநாட்டில இருக்கிற மகள் விடேல்லை. எனக்குப் பிரஷரும் இருக்கெல்லே.”

“இவருக்குச் சீனி இருக்கிறது உங்களுக்குத் தெரியாதோ?”

“இவருக்குத்தான் ஒருக்கா வந்ததே எண்டு...”

“எழும்புங்கோ. பிஸ்கட்டையும் கொண்டு போங்கோ.”

“இஞ்சேரும், வீட்டுக்கு வந்த மனிசரை...” என்று தொடங்கிய என் கணவரை இருமல் முடிக்கவிடவில்லை. முதலாளி முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு போனார். நான் படலை வரைக்கும் போய்ச் சாத்திவிட்டு வந்தேன்.

மாரிமழையோடு தொடங்கும் அந்தக் காலபோக நெல்லுக்கு எங்கள் வயல் விதைக்கப்படவில்லை. குணமாகிச் சில மாதங்கள் கழித்து என் கணவர் ஊசி போட்டார். பள்ளிக்கூடத்துக்கு நடந்து போகையில் இரண்டு இடத்தில் நின்று மூச்சு எடுத்தார். முதலே போட்டிருந்தால் இவ்வளவுக்கு வந்திருக்காதா என்று அங்கிருந்த டாக்டரிடம் கேட்டேன். “நிச்சயமாகச் சொல்ல முடியாது, ஆனால் பெரும்பாலும் இந்தளவுக்கு வந்திராது” என்றார்.

“சொன்னதைக் கேட்டது நான்தானே. அந்த மனிசன் என்னைக் கட்டி வைச்சே சொன்னவர்?” என்பார் என் கணவர். அது நியாயம்தான். ஆனாலும் எனக்கு ஆறவில்லை. தன் உடம்புக்கு ஒன்றும் அடுத்தவன் உடம்புக்கு இன்னொன்றும் சொன்ன மனிதரோடு நான் இன்றுவரைக்கும் கதைப்பதில்லை.