அலமாரிக்குள் வளர்த்த செடி

பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டராக இருந்த என் கணவருக்கு எலும்பில் புற்றுநோய். கஞ்சா வலியைக் குறைக்கும் என்று யாரோ சொன்னதை நம்பி, தவறென்று தெரிந்தும், துணி அலமாரிக்குள் இரண்டு செடிகள் வளர்த்தேன். யூரியா அதிகமாகி இலைகள் கருகின. அது தெரியாமல், வெளிச்சம் போதவில்லையோ என்று அலமாரிக்குள் பெரிய பல்பு மாட்டிவிட்டு ஷிப்டுக்குப் போனேன்.

திரும்பியபோது வீடெல்லாம் புகை. வயர் உருகி அலமாரி எரிந்துகொண்டிருந்தது. எழ முடியாத அவர் கட்டிலில் இருமிக்கொண்டிருந்தார். மெயினை நிறுத்திவிட்டுத் தண்ணீரை ஊற்றித் தீயை அணைத்தேன்.

"ஏனுங்க, சத்தம் போட்டிருந்தா பக்கத்து ஊட்டுக்காரங்க வந்திருப்பாங்கல்லங்க?"

"வந்தா செடியப் பாத்திருவாங்க. உன்னையப் புடிச்சுட்டுப் போயிருவாங்கன்னுதான் கம்முனு கெடந்தேன் புள்ள."

செடிகளை அன்றே அழித்தேன். இப்போது அரசு மருத்துவமனையில் தரும் வலி மாத்திரையால் கொஞ்சம் தூங்குகிறார். யார் என்ன வைத்தியம் சொன்னாலும் முதலில் டாக்டரிடம் கேட்கிறேன். அவரைத் தனியே விட்டு வேலைக்குப் போவதில்லை.

- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, பெருமாநல்லூர்