நிறுத்தாமல் சேர்த்த கருவி

அந்தச் சித்திரை மத்தியானத்தில் பண்ணைக்காரர் எங்களுக்கும் கணினிக்கும் நடுவே வந்து நின்றுகொண்டது இன்னும் கண்ணில் நிற்கிறது. நாமக்கல்லுக்கு வெளியே மூடிய கொட்டகைகளில் முட்டைக்கோழி வளர்ப்பவர். கொட்டகையின் சூட்டை அளந்து, ஃபேன்களையும் நீர் தெளிக்கும் குழாய்களையும் இயக்கும் நிரல் எங்கள் சிறிய அலுவலகத்தில் எழுதியது. ஈரம் மிகுந்து கோழிகள் வாய் பிளந்து மூச்சுவாங்கியதால், புதிய ஈரப்பதமானியை அதில் உடனே சேர்த்தாக வேண்டியிருந்தது. நானும் அக்காவும் போயிருந்தோம். எங்கள் குழுத் தலைவியை நாங்கள் எல்லோரும் அக்கா என்றுதான் கூப்பிடுவோம்.

வழக்கமாக நிரலை நிறுத்தி, புதுக் கருவிக்கான வரிகளைச் சேர்த்து, மறுபடி ஓட்டுவோம். பண்ணைக்காரர் விடவில்லை.

“நிறுத்தாதீங்க சாமி. இந்த வெயில்ல ஃபேன் நின்னாக் கோழி தாங்காதுங்க.”

“செரிங்க, நிறுத்தலீங்க,” என்றார் அக்கா.

இதற்கொரு வழியை அவர் முன்பே எழுதி வைத்திருந்தார். எந்தப் பண்ணையிலும் சோதித்ததில்லை. நிரலில், அளவு வந்ததும் எந்தச் செயற்கூறை, அதாவது எந்த வேலைக்கான வரிகளை, அழைப்பது என்று பிடித்து வைத்துக்கொள்வது டெலிகேட். நாளை எந்தக் கருவி, முழு எண்ணா தசம எண்ணா, எந்த வகை அளவைத் தரும் என்று இன்றே எப்படித் தெரியும்? ஆகவே வகைக்கான இடத்தை மட்டும் காலியாக விட்டுவைத்தார். ஓடிக்கொண்டிருக்கும் நிரலே ரிஃப்ளெக்‌ஷன் வழியாகப் புதுக் கருவிக்கான கோப்பைத் துருவிப் பார்த்து, வகையை அறிந்து, காலியிடத்தை நிரப்பி, டெலிகேட்டை அங்கேயே உருவாக்கிக்கொள்ளும்.

முதல் முறை பிழை காட்டியது. கருவி தந்தது தசம எண். எங்கள் செயற்கூறு கேட்டது முழு எண். பண்ணைக்காரர் முகம் வெளிறியது. ஃபேன்கள் நிற்கவில்லை.

“உருவாக்கறப்பவே ஆகாதுன்னு சொல்லிருச்சு. ஓட்டத்துல கவுத்தாம விட்டுதே,” என்று அக்கா என்னிடம் சொல்லிவிட்டு, நிதானமாகத் திருத்தி மறுபடி ஏற்றினார்.

திரையில் ஈரப்பதம் தோன்றியது. நீர்க்குழாய்கள் தாமாக அடங்கின. நான் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அக்கா எழுந்து கொட்டகைக்குப் போய், கோழிகளின் அலகு ஒவ்வொன்றாக மூடும்வரை பண்ணைக்காரருடன் நின்றிருந்தார்.

“நீங்க வேலை செஞ்சது கோழிக்கே தெரியலீங்க,” என்றார் பண்ணைக்காரர்.

எனக்குத் தெரிந்து எங்கள் வேலைக்குக் கிடைத்த ஆகப் பெரிய பாராட்டு அதுதான்.

இன்று புதுக் கருவி சேர்ப்பது எங்கள் அலுவலகத்தில் ஒரு கோப்பை நகலெடுக்கும் வேலை. புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு அதற்குப் பின்னால் ஒரு பாடு இருந்ததே தெரியாது, அக்காவும் சொல்லிக்கொள்வதில்லை. வெயில் ஏறும் நாட்களில் பண்ணைக்காரர் மட்டும் அவரைக் கூப்பிட்டு, கோழியெல்லாம் சௌக்கியமுங்க என்று சொல்லிவிட்டுப் போனை வைத்துவிடுகிறார்.