மலையைக் காட்டிக் கூப்பிட்டவர்

ஐப்பசி மழை விட்டிருந்த காலை நேரத்தில் பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் அந்தச் செய்தி வந்தது. மைக் செட் கரீம் பாய் மௌத்தாகிவிட்டார், மாலையில் அடக்கம் என்று யாரோ ஒரு இளைஞர் சொன்னார். அவசரமாகச் சொன்னார். பெயர் காதில் விழுந்து நான் நிமிர்வதற்குள் முடித்துவிட்டார்.

பாய் இருந்திருந்தால் அவரைத் திருத்தியிருப்பார். "ஊர மொதல்ல சொல்லு. அப்பறம் பேர நிறுத்திச் சொல்லு. கேக்கறவன் திரும்பிப் பாக்கறதுக்கு நேரம் குடுக்கணும்யா" என்பார். இந்த ஊரில் காணாமற்போன எத்தனையோ பேரை அப்படித்தான் நிறுத்திச் சொல்லி, கூப்பிட்டு, சேர்த்து வைத்தார். அவருடைய பெயரைச் சொன்ன ஒலிபெருக்கிக் குழாய், நானே ஏறிக் கட்டிய குழாய்.

வேங்கிக்காலில் இருக்கும் என் வீட்டிலிருந்து அவர் வீட்டுக்கு நடந்தே போனேன். வழியெல்லாம் கடைப் பலகைகள். அரிசி மண்டி. சைக்கிள் வாடகைக்கு. இங்கு பஞ்சர் ஒட்டப்படும். சாவுக்குப் போகிறவன் இதையெல்லாம் படிக்கக் கூடாது என்று தெரியும். கண் கேட்கவில்லை. எழுத்து தெரிந்துகொண்டு கொஞ்ச காலம்தான் ஆகிறது. அது தெரிந்ததே பாயினால்தான். அதனால் அவரைப் பற்றி நானே எழுதுகிறேன். மெதுவாகத்தான் வருகிறது.

கரீம் பாயின் கடை தேரடித் தெருவை ஒட்டிய சந்தில் இருந்தது. கல்யாணம், கூட்டம், திருவிழா எதுவானாலும் மைக் செட் அவருடையது. நான் அவரிடம் குழாய் கட்டும் வேலைக்குச் சேர்ந்தேன். சவுக்குக் கம்பத்தின் உச்சியில் நான் இருப்பேன். கீழே ஆம்ப்ளிபயர் பக்கத்தில் அவர் இருப்பார். "அண்ணாமலேய்!" என்று கூப்பிடுவார். "இதோ வந்துட்டேன் பாய்" என்று இறங்குவேன். எங்கள் இருவருக்கும் ஏறக்குறைய ஒரே வயது. அவர் முதலாளி என்பது எனக்கு நினைவிருக்கும், அவருக்கு நினைவிருக்காது.

கார்த்திகை தீபத்துக்குக் கோயில் எதிரே கீற்றுக் கொட்டகை போட்டு, கூட்டத்தில் பிரிந்துபோனவர்களுக்காக அறிவிப்புச் செய்வார். எழுபதுகளின் தொடக்கத்தில் ஒரு தீபத்தின்போது இளம்பெண் ஒருத்தியைக் கூட்டி வந்து விட்டார்கள். பெயர் பச்சையம்மாள், செங்கம் பக்கம் என்று சொன்னாள். புருஷன் பெயரைக் கேட்டதும் தலையைக் குனிந்துகொண்டாள்.

"சொல்லும்மா. அப்பதான நான் கூப்பிட முடியும்?"

"அது பேர எப்படிங்க நான் சொல்றது?"

"நீ எங்க சொல்ற? மைக்ல நான்தான சொல்லப் போறேன். என் காதுல மட்டும் சொல்லு."

"காதுல சொன்னாலும் சொன்னதுதானுங்க."

பாய் நிமிர்ந்து, கொட்டகை வாசல் கம்பத்தின் மேலிருந்த என்னைப் பார்த்தார். பிறகு அவளிடம், "சாமி பேரா?" என்றார். தலையாட்டினாள். முருகனா, இல்லை. பெருமாளா, இல்லை. கடைசியில் அவள் கையைத் தூக்கிக் கொட்டகைக்கு வெளியே மலையைக் காட்டினாள்.

"அண்ணாமலையா! நல்லா வெச்சாங்க போ பேரு. இதோ, கம்பத்து மேல குந்தினு இருக்கான் பாரு, இவனும் அதான்" என்று சொல்லிவிட்டு, செங்கம் அண்ணாமலை எங்கிருந்தாலும் வரவும், சம்சாரம் காத்திருக்காங்க என்று அறிவித்தார். கூட்டத்தின் இரைச்சலில் ஊர்ப்பெயர் கரைந்துபோனது. பெயர் தெளிவாகப் போய்ச் சேர்ந்தது. கொட்டகை வாசலில் ஒரே அண்ணாமலைகள்.

"இன்னாய்யா இது, அத்தினி பேருமா பொண்டாட்டியத் தொலைச்சிட்டீங்க?" என்றார் பாய்.

"பேரு கூப்பிட்டீங்க, வந்தோம்" என்றார்கள்.

அவர்களில் ஒரு கிழவர் ஒதுங்கி நின்றார். பாய் அவரைக் கேட்டபோது, "எம் பொண்டாட்டி செத்துப் போயி ரொம்ப நாளாச்சி பாய். சம்சாரம் காத்திருக்காங்கன்னு சொன்னீங்களா, காலு தானா வந்துடிச்சி" என்றார். பாய் அவரை உட்காரவைத்து டீ வாங்கிக் கொடுத்தார்.

பச்சையம்மாள் ஒவ்வொரு முகமாகப் பார்த்து இல்லை என்று தலையசைத்துக்கொண்டே இருந்தாள். கடைசியாக ஒரு ஆள் ஓடி வந்தான். அவனைப் பார்த்ததும் அவள் வெடுக்கென்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "கோவத்தப் பாரு. இவன்தான்யா" என்று பாய் சிரித்தார்.

அன்று வயரைச் சுருட்டும்போது சொன்னார். "நான் பேரச் சொல்லி ஒரு கும்பலச் சேத்தேன். அந்தப் பொண்ணு பேரு சொல்லாமயே ஆளக் காட்டிடிச்சி."

அதற்குப் பிறகு, இரைச்சலில் கூப்பிட்டால் கேட்காத இடங்களில் அவர் என்னை அப்படியே கூப்பிட ஆரம்பித்தார். கையை உயர்த்தி மலையைக் காட்டுவார். கம்பத்தின் மேலிருந்து பார்த்துவிட்டு நான் இறங்குவேன். சில நாள் விளையாட்டுக்காகவும் காட்டுவார். இறங்கி வந்தால், "சும்மாதான்யா. இன்னிக்கி மலை நல்லா தெரியுது, அதான் பாத்தேன்" என்பார்.

இன்னொரு தீபம். மலைமேல் விளக்கு ஏறுவதற்குச் சற்று முன்னால் ஒரு மூதாட்டியைக் கொண்டுவந்து விட்டார்கள். நெற்றியில் பச்சை குத்தியிருந்தது. கையில் கனமான வெள்ளிக் காப்பு. ஒரு பித்தளைச் சொம்பை மார்போடு அணைத்துப் பிடித்திருந்தார். அவர் பேசியது யாருக்கும் புரியவில்லை. பாய் தமிழில் கேட்டார், உருதுவில் கேட்டார், தெலுங்கில் கேட்டார். கன்னடம் தெரிந்த ஹோட்டல்காரரை அழைத்து வந்தோம். அவரும் கையை விரித்துவிட்டார்.

பாயின் முகம் மாறிவிட்டது. முந்தின வருஷம் இப்படித்தான் ஒரு பெரியவரைத் தேடி யாரும் வரவில்லை. அவர் பேச்சும் ஒருவருக்கும் விளங்கவில்லை. கோயில் எதிரேயே படுத்துக் கிடந்தார். பாய் தினமும் சோறு கொண்டுபோய்க் கொடுப்பார். ஒரு நாள் இறந்துபோனார். அவர் பெயர் என்னவென்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. தூரத்திலிருந்து லாரியில் வருகிற ஜனங்கள் தீபம் பார்த்ததும் புறப்பட்டுவிடுவார்கள். இந்த அம்மாளுடைய லாரியும் போய்விட்டால் அவ்வளவுதான்.

சிவப்புச் சேலை, வெள்ளிக் காப்பு, கையில் சொம்பு என்று பாய் திரும்பத் திரும்ப அறிவித்தார். யாரும் வரவில்லை. சட்டென்று நிறுத்தினார்.

"அண்ணாமல, நாம யாருக்குய்யா சொல்லினு இருக்கோம்? இவங்க பேசறது நமக்குப் புரியல. நாம பேசறது இவங்க ஜனத்துக்கு மட்டும் எப்படிப் புரியும்?"

பெரிய தலைவர்கள் வந்தால்கூட மைக்கை முழுதாக விட்டுக்கொடுக்காமல், வயரை ஒரு கையில் பிடித்திருப்பவர் அவர். அன்று மைக்கை அந்த அம்மாள் கையில் கொடுத்துவிட்டார். அந்த அம்மாள் ஏதோ ஒரு சொல் சொன்னார். அது எல்லாக் குழாயிலிருந்தும் பெரிதாகக் கேட்டதும் பயந்து வாயை மூடிக்கொண்டார்.

பாய் எழுந்தார். கைகளை வீசிக்கொண்டு, பின்னால் வருகிறவர்களைத் திரும்பியே பார்க்காமல் நடக்கிற ஆளைப் போலக் கொட்டகைக்குள் நடந்து காட்டினார். மீசையை முறுக்கினார், வேடிக்கை பார்த்தார், நடந்தார். தாயைக் கூட்டத்தில் விட்டுவிட்டுப் போகிற மகன்! அந்த அம்மாள் பார்த்துக்கொண்டே இருந்தார். மூக்கு விடைத்தது. பிறகு மைக்கைப் பிடித்துத் திட்ட ஆரம்பித்தார் பாருங்கள், தேரடித் தெரு முழுக்க அப்படியே நின்றுவிட்டது.

ஒரு சொல்லும் யாருக்கும் புரியவில்லை. ஆனால் பெண்களெல்லாம் சிரித்தார்கள். பூக்கடை அம்மா ஒருத்தி, "என் மாமியா பேசற மாதிரியே கீது" என்றாள். கொஞ்ச நேரத்தில் பெரிய மீசை வைத்த ஒரு ஆள் கூட்டத்தைப் பிளந்துகொண்டு அழுதபடியே ஓடிவந்து அந்த மூதாட்டியின் காலில் விழுந்தான். அந்த அம்மாள் ஒரு கையால் அவன் முகத்தைத் துடைத்தார். மறு கையில் மைக். திட்டுவதை நிறுத்தவில்லை. அப்போதுதான் மலைமேல் தீபம் ஏறியது.

"இத்தினி காலமா பேசறதுதான் என் வேலைன்னு நெனச்சினு இருந்தேன்" என்றார் பாய். அதன்பிறகு கொட்டகைக்கு வருகிற ஒவ்வொருவரையும் மைக்கில் ஒரு வார்த்தையாவது அவர்களே பேசச் சொன்னார்.

எண்பதுகளில் அவருக்குத் தொண்டையில் நோய் வந்தது. வேலூரில் ஆபரேஷன் செய்தார்கள். உயிர் பிழைத்தார், குரல் போய்விட்டது. கடையை மகன் பார்த்துக்கொண்டான். பாய் வீட்டு ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பார். மகன் ஒரு சிலேட்டு வாங்கிக் கொடுத்திருந்தான். பாய் தமிழ் நன்றாக எழுதுவார். ஆனால் பகல் முழுக்க அவரோடு இருப்பது நானும் அவர் மனைவி பீபிம்மாவும்தான். இருவருக்கும் எழுத்து தெரியாது.

கையால் பேசினோம். கையால் தண்ணீர் என்று சொல்லலாம், வெயில் என்று சொல்லலாம். போன வருஷம் என்று எப்படிச் சொல்வது? நான் அப்படி நினைக்கவில்லை என்பதைச் சொல்லவே முடியாது. ஒரு நாள் பழைய சண்டை ஒன்றைப் பற்றி நான் பேசிக்கொண்டிருந்தேன். பாய் முகத்தைச் சுளித்து, கதவைப் பார்த்துக் கையை வேகமாக வீசினார். வெளியே போ என்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். எழுந்து வந்துவிட்டேன். பிறகு போகவில்லை.

பல நாள் கழித்து பீபிம்மா ஜட்கா வண்டியில் என் வீடு தேடி வந்தார்.

"இன்னா அண்ணாமல, இப்படிப் பண்ணிட்ட? சாப்பாடு எறங்கலய்யா அவருக்கு. தெனம் ஜன்னல் வழியா மலையக் காட்டிக் காட்டிக் கையக் கீழ போடறாரு."

"போன்னு சொன்னாரு, வந்துட்டேன்."

"கதவச் சாத்தச் சொன்னாருய்யா! சில்லுனு காத்து வந்திச்சி!"

அன்றே கிளம்பிப் போனேன். பாய் சிலேட்டில் ஏதோ வேகமாக எழுதி என் முன்னால் நீட்டினார். நான் அதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். எறும்பு ஊர்ந்த மாதிரி இருந்தது. அவர் என் முகத்தைப் பார்த்தார். மெல்ல அழித்துவிட்டார். இனி இருக்கிற நாளில் இந்த மனிதரோடு மறுபடியும் ஒரு வார்த்தை பேசாமல் போய்விடுவேனோ என்று எனக்குப் பயம் வந்துவிட்டது.

முதியோர் கல்வி வகுப்பு பக்கத்துத் தெருவில் நடந்தது. போய்ச் சேர்ந்தேன். "தாத்தாவுக்குப் பொண்ணு பாக்கறாங்களா, கையெழுத்துப் போடணுமா?" என்று பெண்கள் கேலி செய்தார்கள். "ஒருத்தர்கிட்ட பேசணும்மா" என்றேன். டீச்சர் சின்னப் பெண். நான் சொன்னதைக் கேட்டுவிட்டு, பாய் எழுதக்கூடிய சொற்களையே முதலில் சொல்லிக் கொடுத்தார்.

முதன்முதலாக நான் படித்த வாக்கியம் எனக்கு மறக்காது. பாய் பெரிய பெரிய எழுத்தாக எழுதினார். ஒவ்வொரு எழுத்தாக விரல் வைத்துப் படித்தேன். "டீ... டீயில... சக்கர... ஜாஸ்தி."

சமையலறையிலிருந்து பீபிம்மாவின் குரல் வந்தது. "யாரு சொன்னது ஜாஸ்தின்னு?"

"நான் சொல்லல பீபிம்மா. பாய் சொல்றாரு."

பீபிம்மா வெளியே வந்து நின்றார். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். "ஆபரேஷனுக்கப்பறம் இவரு என்னச் சொல்ற மொத கொற இது" என்றார். சிரிக்கிறாரா அழுகிறாரா என்று தெரியவில்லை. பாய் சிலேட்டைத் தூக்கி அவருக்கும் காட்டினார்.

அதற்குப் பிறகு எங்களுக்குப் பகல் போதவில்லை. பாய் எழுதுவார், நான் படிப்பேன். "சத்தமா படி. மைக் மாதிரி" என்று எழுதினார். அவர் நிறுத்துகிற இடங்களில் நிறுத்தி, அவர் குரலிலேயே படித்தேன். அவர் வேடிக்கையாக ஏதாவது எழுதிவிட்டு முதலில் சிரிப்பார். நான் எழுத்துக் கூட்டி முடித்த பிறகு சிரிப்பேன். அதைப் பார்த்து மறுபடி சிரிப்பார். சத்தமில்லாத சிரிப்பு, தோள் மட்டும் குலுங்கும்.

எழுத்திலும் எல்லாம் வந்துவிடவில்லை. அவர் போடா என்று எழுதுவார். அது கோபத்தில் சொன்னதா, பிரியத்தில் சொன்னதா என்று சிலேட்டில் இராது. அவர் முகத்தைப் பார்க்க வேண்டும். கையால் பேசியபோது குறைந்தது ஒன்று, எழுத்தில் குறைந்தது வேறொன்று. இரண்டையும் சேர்த்து வைத்துக்கொண்டு பேசினோம். கதவு விஷயத்தையும் பேசித் தீர்த்தோம். "காத்துய்யா, காத்து" என்று எழுதியிருந்தார்.

கடைசி வாரத்தில் அவர் நினைவு கொஞ்சம் தடுமாறியது. நான் போனபோது சிலேட்டு நிறைய எழுதி நீட்டினார். வலப்பக்கத்திலிருந்து இடப்பக்கமாக வளைந்து போகும் எழுத்து. சிறுவயதில் கற்ற உருது எழுத்தில் எழுதியிருந்தார்.

"பாய், இது எனக்குத் தெரியாத எழுத்துங்க" என்றேன்.

சிலேட்டைப் பார்த்தார். அவருக்கே அப்போதுதான் தெரிந்தது போல. தோள் லேசாகக் குலுங்கியது. "யாரையாவது படிக்கச் சொல்லட்டுமா?" என்று கேட்டேன். வேண்டாம் என்று தலையசைத்தார். தம் கையாலேயே அழித்தார். பிறகு, சுலபமான வழி இருக்கும்போது இதெல்லாம் எதற்கு என்பவரைப் போல, கையைக் கஷ்டப்பட்டுத் தூக்கி ஜன்னல் வழியாக மலையைக் காட்டினார்.

"இதோ வந்துட்டேன் பாய்" என்றேன். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அவர் கை என் கைமேல் இருந்தது.

அடக்கத்தின்போது எல்லோரோடும் சேர்ந்து நானும் கைப்பிடி மண் போட்டேன். அங்கே ஓதியது எனக்குப் புரியவில்லை. புரியாமலே கேட்டுக்கொண்டு நின்றேன்.

கார்த்திகை வரப்போகிறது. விளக்கு ஏறும்போது இந்த ஊரில் இருக்கிற அத்தனை பேரும் மலையைப் பார்த்துக் கையை உயர்த்துவார்கள். அவர்கள் சாமியைக் கும்பிடுவார்கள். நானும் கும்பிடுவேன். ஆனாலும், கரீம் பாய், யாரோ என்னைப் பேர் சொல்லிக் கூப்பிடுகிற மாதிரிதான் எனக்கு இருக்கும்.

போய் வாருங்கள். கம்பத்தின் மேலிருந்து இறங்கத்தான் கொஞ்சம் நேரமாகும். வந்துவிடுகிறேன்.