தாலியில் கோத்த வராகன்

இந்த ஆண்டு நான் வாங்கிய பழங்காசுகளில் எது மிகவும் பிடித்தது என்று கேட்டிருந்தீர்கள். என்னிடம் இல்லாத ஒன்றைத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

இன்று ஒரத்தநாட்டுப் பேருந்தில் பக்கத்தில் இருந்த பெண்ணின் தாலிக்கயிற்றில் ஒரு பழைய பொற்காசைப் பார்த்தேன், வராகன். முன்புறம் சிவனும் பார்வதியும் இருந்தார்கள். பின்புற எழுத்தைப் படித்தால்தான் எந்த அரசருடையது என்று தெரியும்.

"நான் பழைய காசு சேக்கறவ. கொஞ்சம் திருப்பிக் காட்டுறீங்களா?"

நான் கணவரை இழந்தவள்; அதைச் சொல்லித் தொடத் தயங்கினேன். அவரே என் உள்ளங்கையில் வைத்தார்.

"பாருங்கம்மா, அதனால என்ன! எங்க மாமனாரு பண்ணையார் வயல்ல உழுதப்ப கெடச்சுது. தெரிஞ்சா பண்ணையார் வீட்டுல புடுங்கிக்குவாங்கன்னு மாமியார் உடனே தாலியில கோத்துக்கிட்டாங்க. தாலியில கெடக்கறத எவன் கேப்பான்? அவங்களுக்கு அப்புறம் எனக்கு வந்துது. இப்ப அந்த வயலே எங்களுதுதான்."

"எந்த ஊரு?"

சொன்னார். அங்கே பண்ணை வைத்திருந்தது என் மாமனார் ஒருவர்தான்.

"நீங்க எந்த ஊரும்மா?"

"தஞ்சாவூர்" என்றேன். இப்போது நான் குடியிருப்பது அங்கேதான், பொய்யில்லை.

நாகரி எழுத்தில் முதல் வரியைத்தான் படித்திருந்தேன். அதற்குள் அவர் இறங்கும் இடம் வந்துவிட்டது.

புகுந்த ஊரைச் சொல்லியிருந்தால் அந்த ஒரு வரியையாவது படிக்க விட்டிருப்பாரா? உங்களுக்கு என்ன தோன்றுகிறது?