கழற்றிய கீபோர்டில் எரிந்த விளக்கு

நடந்ததை நடந்தபடியே சொல்கிறேன். பேய் ராத்திரியில்தான் வரும் என்று நினைப்பவர்கள் கொஞ்சம் காதைக் கொடுங்கள். இது பட்டப்பகல். ஒலக்கூர். போன ஆனி மாதம், ஒரு வியாழக்கிழமை.

திண்டிவனத்தில் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருக்கும் ஜெகதீசனுக்கு, தன்னைத் தவிர உலகத்தில் எல்லாரும் மக்கு என்று நினைப்பு. மதியம் 2.40க்கு லூர்து மேரி வீட்டில் நுழைந்தான். மானிட்டர் மேல் ஜெபமாலை தொங்கியது. "இத மாட்டுனா மெஷின் ஓடிடுமா?" என்று இளித்தான்.

ஆன் செய்தான். லோகோ வந்தது. வட்டம் சுற்றியது... நின்றது. நாலு தடவையும் அதே இடம். கேப்ஸ் லாக்கைத் தட்டினான். விளக்கு எரிந்தால் மெஷினுக்கு உயிர் இருக்கிறது என்று அர்த்தம். எரியவில்லை.

"ரெண்டு மாசமா இப்டியே நின்னுக்கினு இருக்குதுங்க," என்றாள் லூர்து மேரி. "ஞாயித்துக்கிழம எம்பொண்ணு மெர்லினுக்குக் கல்யாணம். சாவறதுக்கு முன்னாடி எங்க வூட்டுக்காரரு அவளுக்கு ஆசீர்வாதம் சொல்லி இதுலதான் பேசி வச்சாரு. அத மட்டும் எடுத்துக் குடுத்துடுங்க."

டிஸ்க்கில் இருப்பதையெல்லாம் காப்பி எடுக்க மூன்று மணி நேரம் ஆகும். ஒரு செத்த ஆள் குரலுக்காக மெனக்கெட அவனுக்கு என்ன தலையெழுத்தா? அவளை டீ போட அனுப்பிவிட்டு, பென்டிரைவைச் செருகி, எல்லாவற்றையும் அழித்துவிட்டு மெஷினைப் புதிதாக ஓடவைக்கத் துணிந்தான் பாவி. உதவாத கீபோர்டைக் கழற்றிக் கட்டில்மேல் எறிந்தான்.

3.15. திரையில் கேட்டது: அழிக்கலாமா?

3.16. கட்டிலில் கிடந்த கீபோர்டில் விளக்கு எரிந்தது.

ஒயர் தரையில் கிடந்தது...

டக். அணைந்தது.

டக். எரிந்தது.

பின்னால் யாரோ இருமினார்கள். ஆம்பளை இருமல்.

திரும்பினான். யாரும் இல்லை.

3.17. 'ஆம்' என்பதில் கிளிக் செய்தான்.

"டிஸ்க்கு ஏற்கெனவே காலிம்மா," என்றான் வாய் கூசாமல். டீ டம்ளரோடு வந்த லூர்து மேரி சுவரில் சாய்ந்துவிட்டாள். அவன் திரும்பிப் பார்க்காமல் ஓடினான்.

திங்கட்கிழமை காலை 10.20. மெர்லின் போன் செய்தாள்.

"அண்ணா, காலின்னு சொன்னீங்களாமே? மெஷினு தானா ஓடுச்சு, அப்பா பேசுனது அதுலயே இருக்குது. கோயில்ல போட்டோம், எல்லாரும் அழுதுட்டாங்க."

ஜெகதீசன் போனை மறு காதுக்கு மாற்றினான்.

"ஆனா கடைசில இருமறாரு. இருமிட்டு, 'ஜெகதீசா, கைய எட்றா'ன்றாரு..."

ஜெகதீசன் மவுஸிலிருந்து கையை வெடுக்கென்று எடுத்தான்.

"அப்பா செத்து மூணு வருசம் ஆவுது. நீங்க கடை தொறந்து ஒரு வருசங்கூட ஆவல. அவருக்கு உங்க பேரு எப்டிண்ணா தெரியும்?"