நாத்தனாருக்குக் கிடைத்த தலைப்பு

1996 ஜூலை 13, சனிக்கிழமை. காலை நாலே முக்காலுக்கு எழுந்தேன். வாசல் தெளித்துக் கோலம் போட்டேன். ஐந்தேகாலுக்குப் பால் வந்தது. மாமனாருக்குக் காபி, மாமியாருக்கு வெந்நீர், ஏழரைக்கு எல்லாருக்கும் இட்லி. எட்டு மணிக்குக் கணவர் உரக்கடைக்குக் கிளம்பினார். ஒன்பது இருபதுக்கு ஒரு போன், சிங்கப்பூரிலிருந்து, கீழவீட்டு அக்காவுக்கு. பத்து ஐம்பதுக்கு இன்னொன்று, குவைத்திலிருந்து, மாதா கோயிலுக்கு அடுத்த வீட்டுக்கு. பன்னிரண்டரை பஸ்ஸில் நாத்தனார் வந்து இறங்கினாள். அன்றைய டைரிப் பக்கத்தில் இவ்வளவும் ஒன்றுவிடாமல் இருக்கிறது. அன்று எனக்கு வந்த பொறாமை மட்டும் அதில் இல்லை.

குத்தாலத்திலிருந்து நாலு மைல் உள்ளே இருந்த எங்கள் தெருவில் அப்போது எங்கள் வீட்டில் மட்டும்தான் போன். கடை வியாபாரத்துக்காக மாமனார் எழுதிப்போட்டு, பல வருடம் காத்திருந்து வாங்கியது. வீட்டுக்கு ஒருவராகச் சிங்கப்பூர், குவைத், துபாய் என்று கிளம்பிக்கொண்டிருந்த காலம் அது. போனவர்கள் எல்லாரும் தங்கள் விலாசத்துக்குக் கீழே எங்கள் எண்ணை எழுதி, பக்கத்தில் பி.பி. என்று போட்டுக்கொண்டார்கள். பக்கத்து வீட்டு போன் என்று அர்த்தம். கூப்பிடுகிறவர், "பத்து நிமிஷத்துல திரும்பப் போடறேன், வீட்ல கூப்பிட்டு வைங்க" என்பார். நான் கொல்லைப்புறமாகப் போய்க் குரல் கொடுப்பேன். அவர் மனைவி வயலுக்குப் போயிருந்தால் சேதியை என்னிடமே சொல்லிவிடுவார். நான் எழுதிக்கொள்வேன்.

அதற்கென்று போனுக்குப் பக்கத்தில் ஒரு நீளநோட்டு வைத்திருந்தேன். தேதி, மணி, யாரிடமிருந்து, யாருக்கு, சேதி, சேர்ப்பித்த நேரம் என்று ஆறு கட்டம் போட்டது. பெரும்பாலும் வயல் விஷயங்கள்தான் வரும். தெற்குப் பக்கத்து நாலு மா நிலத்தை முதலில் உழச் சொல்லவும். அடியுரம் இன்னும் போடவில்லையா என்று கேட்கவும். ஆள் கிடைக்காவிட்டால் மாமாவைப் பார்க்கவும். பதில் சேதி இருந்தால் அதையும் எழுதி, அடுத்த தடவை அவர் கூப்பிடும்போது படித்துச் சொல்வேன். ஒரு சொல்லைக்கூட மாற்ற மாட்டேன் என்று தெருவில் எனக்குப் பெயர். அந்தப் பெயரில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

நான் பொருளாதாரத்தில் எம்.ஏ. முடித்து எம்.ஃபிலுக்குப் பதிவு செய்தவள். எனக்கு வழிகாட்டியாக அமைந்த பேராசிரியர் ஒரு தாளில் பதினைந்து தலைப்புகள் எழுதி வைத்திருந்தார். ஒன்பதாவதைக் காட்டி, "இது உனக்கு" என்றார். ஏன் ஒன்பதாவது என்று நானும் கேட்கவில்லை. மூன்று மாதத்தில் கல்யாணம் நிச்சயமானது. "முடிச்சுட்டு வாம்மா, இடம் எங்கயும் போயிடாது" என்றார். நான்தான் திரும்பிப் போகவில்லை.

நாத்தனாருக்கு நேர்ந்தது வேறு. அவளும் எங்கள் வீட்டிலிருந்துதான் தஞ்சாவூருக்கு எம்.ஃபில் படிக்கப் போனாள். விடுதியில் இடம், பஸ்ஸுக்குக் காசு, படிப்பு முடியும்வரை கல்யாணப் பேச்சை எடுப்பதில்லை என்ற மாமனாரின் வாக்கு எல்லாம் அவளுக்கு இருந்தன. அவளுடைய வழிகாட்டி ஒரு பெண்மணி. முதல் நாளே, "உனக்கு எதுல நிஜமா ஆசையோ அதைக் கொண்டா, அதுலேர்ந்து தலைப்பு எடுப்போம்" என்று சொல்லியிருக்கிறார். இதை அவள் சாப்பாட்டின்போது சொல்லிச் சிரித்தாள். இந்த ஒரு கேள்வியை என்னிடம் யாராவது கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்று, பாத்திரம் தேய்க்கும்போது யோசித்துப் பார்த்தேன். பதில் வரவில்லை. அவள்மேல் வந்த எரிச்சல் அதனால் இரண்டு மடங்கானது.

ஆறு மாதம் அவள் ஆசைகளைத் தேடி அலைந்தாள். தை மாதம் சுவாமிமலைக்குப் போய், சிலை வார்க்கிற வீடுகளில் மருமகளாக வந்தவர்களுக்கு என்ன வேலை என்று கேட்டுவிட்டு வந்தாள். இரண்டு வாரத்தில் அது அலுத்தது. பிறகு நன்னிலம் பக்கத்தில் நடவுப் பெண்களோடு நாள் முழுக்க நின்றாள். காய்ச்சலோடு வந்து படுத்தாள். கஞ்சி வைத்துக் கொடுத்தது நான். அதற்குப் பிறகு மினி பஸ், டியூஷன் சென்டர், கல்யாண வீடியோ. ஒவ்வொரு சனிக்கிழமையும் புதிதாக ஒன்று. அடுக்களையில் என் முன்னால் வந்து உட்கார்ந்துகொள்வாள்.

"அண்ணி, உங்களுக்கு எதுல ஆசை, சொல்லுங்களேன்."

"எல்லாம் கணக்கா, எடத்துல இருக்கணும். அவ்வளவுதான்."

"அது ஆசையா? வியாதி அண்ணி."

மாமியார் உட்பட எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவள் ஒவ்வொரு தலைப்பாகக் கைவிட்டபோது, ஒரு சனிக்கிழமை அவள் வெறுங்கையோடு வந்து, "என்னால முடியல" என்று சொல்லப்போகிறாள் என்று நான் எதிர்பார்த்தேன். எதிர்பார்த்தேன் என்பது மென்மையான சொல். காத்துக்கொண்டிருந்தேன்.

அந்த ஜூலை பதிமூன்றாம் தேதி அவள் வந்தபோது அதற்கு அருகில்தான் இருந்தாள். திங்கட்கிழமைக்குள் தலைப்பும், அதற்கு ஆதாரமாக எழுத்தில் ஏதாவது ஒன்றும் கொண்டுபோக வேண்டும். தவறினால் அந்த ஆண்டுப் பதிவு ரத்து. சாப்பிட்டுவிட்டு போனுக்குக் கீழே தரையில் படுத்திருந்தாள். சிறுமியாக இருந்த நாளிலிருந்தே அது அவளுடைய இடம். யார் பேச வந்தாலும் அங்கேயே கிடந்து கேட்டுக்கொண்டிருப்பாள். "ஒட்டுக்கேக்குற கழுத" என்று மாமியாரிடம் அதற்காக எத்தனையோ தடவை திட்டு வாங்கியிருக்கிறாள். அன்று கைக்கு எட்டிய நீளநோட்டை எடுத்துச் சும்மா புரட்டினாள். நான் அப்பளம் எடுத்து வைத்துக்கொண்டிருந்தேன். புரட்டுகிற சத்தம் நின்றது. திரும்பிப் பார்த்தேன். எழுந்து உட்கார்ந்திருந்தாள்.

"அண்ணி. இது எத்தனை வருஷமா எழுதறீங்க?"

"வந்ததுலேர்ந்து. அஞ்சு வருஷம்."

"அங்க இருந்துக்கிட்டு இங்க உழவு ஓட்டறாங்க. இதுதான் அண்ணி. இதுதான் என் தலைப்பு."

அவள் முகத்தில் அப்போது வந்த வெளிச்சத்தை என்னால் இன்றும் வரைந்து காட்ட முடியும். அதைப் பார்த்த நொடியில் எனக்கும் அது புரிந்துவிட்டது. அதுதான் கொடுமை. ஐந்து வருடம் ஆறு கட்டம் போட்டு, மணி பார்த்து, என் கையால் எழுதியது. அதில் ஒரு தலைப்பு இருப்பதைக் கண்டுபிடிக்க அவளுக்கு ஒரு அப்பளம் பொரிகிற நேரம் போதுமாக இருந்தது.

"நோட்டைக் குடுங்க, திங்கக்கிழமை காட்டிட்டுக் கொண்டாந்துடறேன்" என்றாள்.

"தர முடியாது" என்றேன். "நாலு வீட்டு விஷயம் இது. என்னை நம்பிச் சொன்னது. ஊரார் சேதிய நான் எப்படிக் காலேஜுக்கு அனுப்பறது?"

மாமியார் உள்ளிருந்து, "அவ சொல்றதுதாண்டி நியாயம்" என்றார். மாலையில் கடையிலிருந்து வந்த கணவரும் அதையே சொன்னார். "என் பொண்டாட்டிகிட்ட சொன்னா கிணத்துல போட்ட கல்லு மாதிரி" என்று தங்கையிடம் பெருமைப்பட்டுக்கொண்டார். நான் சொன்ன காரணம் உண்மையான காரணம். இன்றைக்கு யார் கேட்டாலும் அதையே சொல்வேன். ஆனால் நான் மறுத்தது அந்தக் காரணத்துக்காக அல்ல. நோட்டைப் பீரோவில் வைத்துப் பூட்டினேன். டைரியில், "நோட்டைக் கேட்டாள். மறுத்தேன். காரணம்: பிறர் வீட்டு விஷயம்" என்று எழுதினேன்.

அவள் சண்டை போடுவாள் என்று நினைத்தேன். போடவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை ஒரு வெற்று நோட்டோடு தெருவில் இறங்கிப் போனாள். முதலில் கீழவீட்டுச் சிங்கப்பூர் அக்கா. பிறகு பூசை முடிந்து வரும்வரை மாதா கோயில் வாசலில் காத்திருந்து குவைத் வீட்டு அக்கா. அதன் பிறகு இன்னும் நாலு வீடு. சாப்பிடக்கூட வரவில்லை. சாயங்காலம் நாலு மணிக்கு, முகமெல்லாம் கறுத்து, கை நிறைய முருங்கைக்காயோடு வந்தாள். வெளிநாடு போனவர்கள் வீடு ஆறும் சம்மதித்துவிட்டன. பேரை மட்டும் போடக் கூடாது என்று கேட்டுக்கொண்டார்களாம். அவ்வளவுதான் நிபந்தனை. என்னுடைய உண்மையான காரணம் அரை நாளில் தீர்ந்துவிட்டது.

அதோடு அவள் நின்றிருந்தால் நான் தப்பித்திருப்பேன்.

"அண்ணி, கோவிச்சுக்காதீங்க" என்று ஆரம்பித்தாள். "உங்க நோட்டுல இருக்கறதெல்லாம் அங்கேர்ந்து அவங்க சொன்னது. இங்க இவங்க செஞ்சது அதுல இல்ல."

முந்தைய புரட்டாசியில் சிங்கப்பூர்க்காரர் அனுப்பிய சேதி எனக்கு மனப்பாடமாகத் தெரியும். நாற்று விட்டே நடவும், நேரடியாக விதை தெளிக்க வேண்டாம். மூன்று வாரம் கழித்து அவர் கூப்பிட்டபோது, நடவு முடிந்தது என்று அந்த அக்கா சொன்னதை அப்படியே நான் படித்துச் சொன்னேன். எழுதியும் வைத்தேன். நடவே நடக்கவில்லையாம். வாய்க்காலில் தண்ணீர் வரும் என்ற நம்பிக்கை அந்த அக்காவுக்கு இல்லை. புழுதியிலேயே தெளித்துவிட்டிருக்கிறார். விளைச்சலும் நன்றாக இருந்தது. அந்த அக்கா பேசியதை நாத்தனார் அவர் குரலிலேயே பேசிக் காட்டினாள்.

"அவரு அங்க கிரேன்ல உக்காந்துக்கிட்டு நடணுங்கறாரு. வயலப் பாக்குறது நானா அவரா? அறுத்து மூட்டை கட்டினப்புறம், நான் நட்ட நெல்லு, நான் தெளிச்ச நெல்லுன்னு அது வாயத் தொறந்து சொல்லவா போவுது? லீவுல வந்தாரே, நட்டாத்தான் இந்த வெளச்சல்னு டீக்கடையில ஒரே பேச்சு. ஒருத்தரு மூச்சு விடல."

மாமியார் தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார். அவருக்கும் தெரிந்திருக்கிறது. குவைத் வீட்டிலும் இதே கதைதான், வேறு வயல், வேறு உரம். தெருவே சேர்ந்து மூடி வைத்த விஷயம் எனக்கு மட்டும் தெரியாது.

"என்கிட்ட ஏன் ஒருத்தரும் சொல்லல?"

நாத்தனார் கொஞ்சம் தயங்கினாள். "நீங்க உள்ளத உள்ளபடி சொல்லிடுவீங்களாம் அண்ணி. அவரு போன்ல கேட்டுட்டா, மாத்திச் சொல்ல உங்களுக்கு வராதாம். அதான் போன் அண்ணிகிட்ட மட்டும் சொல்லாதன்னு பேசி வச்சிருக்காங்க."

பிறகு, "தேதிக்காகவாவது நோட்டு வேணும் அண்ணி. ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சாத்தான் தெரியும்" என்றாள். கெஞ்சவில்லை. நியாயமாகத்தான் கேட்டாள்.

"காலைல சொல்றேன்" என்றேன்.

அவள் இப்போது வெளியூர்க் கல்லூரி ஒன்றில் துறைத்தலைவி. இன்று ஒவ்வொருவர் கையிலும் ஒரு போன், கேமராவில் வயலையே காட்டிவிடுகிறார்கள். போன மாதம் ஒரு கல்யாணத்தில் யாரோ ஒரு பெண் அவளைப் பிடித்துக்கொண்டு, அந்தத் தலைப்பு எப்படித் தோன்றியது என்று கேட்டாள். "எங்க அண்ணி எழுதி வச்சிருந்தாங்க" என்று என்னைக் கைகாட்டினாள். எல்லா இடத்திலும் அப்படித்தான் சொல்கிறாள். ஒரு தடவைகூட மறைத்ததில்லை. அவள் மறைத்திருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். கோபப்பட ஒரு இடம் கிடைத்திருக்கும். இப்படிப் பெருந்தன்மையாக இருப்பவளைப் பார்த்துப் பொறாமைப்படுவது எவ்வளவு சிரமம் என்பது பட்டவர்களுக்குத்தான் தெரியும். தலைப்பு கிடைத்ததுகூட இல்லை என் பொறாமை. ஐந்து வருடம் நான் கூப்பிட்டு ஓடி வந்த பெண்கள், அரை நாளில் அவளிடம் உட்கார்ந்து சொன்னார்களே, அது. அவள் போய்க் கேட்டாள். நான் ஒரு நாளும் கேட்டதில்லை. இவ்வளவுதான் வித்தியாசம் என்பதை எழுத எனக்கு இத்தனை வருடம் ஆகியிருக்கிறது.

1996 ஜூலை 15, திங்கட்கிழமை. நாலேகாலுக்கு எழுந்தேன். வழக்கத்தைவிட அரை மணி முன்னால். வாசல் தெளிக்கவில்லை. பீரோவைத் திறந்து நோட்டை எடுத்துக்கொண்டு கொல்லை வழியாகக் கீழவீட்டுக்குப் போனேன். அந்த அக்கா பம்ப்படியில் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கை நின்றது.

"போனா வந்துச்சு, இந்நேரத்துல?"

"இல்லக்கா. போன வருஷம் புரட்டாசில என்ன செஞ்சீங்கன்னு கேக்க வந்தேன்."

"ஒங்க நாத்தனாதான் நேத்தே எழுதிக்கிட்டுப் போனாளே."

"அவ எழுதினது அவளுக்கு. எனக்குச் சொல்லுங்க."

குடத்தை இறக்கிவைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "அவரு கேட்டா சொல்லிடுவீங்களா?"

"அவர் கேட்டா, உங்களைக் கூப்பிட்டு வைக்கிறேன். நீங்களே பேசுங்க."

அந்த அக்கா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்தார். எனக்கும் இடம் விட்டார். நாத்தனாரின் பஸ் ஆறு நாற்பதுக்கு. நோட்டு அவளோடு போவதற்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருந்தது. புரட்டாசிப் பக்கத்தைப் பிரித்து மடியில் வைத்தேன். "நடவு முடிந்தது" என்று நான் எழுதியிருந்ததைப் படிக்கும்படியாகவே விட்டு, நடுவில் ஒரே ஒரு கோடு இழுத்தேன். அவர் சொல்லத் தொடங்கினார்.